நான்கு விரல் இடைவெளி

டாஷ்ஹண்ட் நாயைக் கண்ணால் மட்டும் பார்த்து மதிப்பிட முடியாது, கை வேண்டும். மற்ற இனங்கள் நடந்து வரும்போதே பாதி தெரிந்துவிடும். இதுவோ முழங்காலுக்குக் கீழே நிற்கிற நாய். அதனால்தான் நாய்க் காட்சியில் ரிங்குக்குள் ஒரு மேசை போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றி நிறுத்தச் சொல்கிறோம். தலை, பல், காது எல்லாம் பார்த்துவிட்டு, வலது கையை முன்னங்கால்களுக்கு நடுவே கொடுத்து நெஞ்செலும்பைத் தாங்கிப் பார்ப்பேன். நல்ல நாயாக இருந்தால் நெஞ்சு உள்ளங்கையில் வந்து உட்காரும். கழுத்துக்குக் கீழே துருத்திக்கொண்டு ஆரம்பிக்கிற அந்த எலும்பு, தோணியின் அடிக்கட்டை போலப் பின்னால் வெகுதூரம் ஓடி, எங்கே முடிந்தது என்று விரலுக்குத் தெரியாதபடி வயிற்றில் போய்ச் சேரும். பாதியில் சட்டென்று நின்றுவிட்டால் அந்த நாய்க்கு நெஞ்சு போதாது.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில், டாஷ்ஹண்ட் வளர்ப்பவர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கத்தின் காட்சிக்கு நான்தான் நடுவர். 27 நாய்கள் வந்திருந்தன. மார்கழியானாலும் வேலூர் வெயிலை நம்ப முடியாது, காலை ஏழுக்கு ஆரம்பித்துப் பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். புல்லில் பனி இருந்தது. தரையை ஒட்டி நடக்கிற நாய்களுக்கு அடிவயிறு நனைந்துவிட்டதால், வந்தவர்கள் எல்லாரும் துண்டை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் அடிப்படையில் மாட்டு வைத்தியன். வேப்பேரியில் படித்துவிட்டு ஒடுகத்தூர், குடியாத்தம், பேரணாம்பட்டு என்று அரசு கால்நடை மருந்தகங்களிலேயே காலம் போனது. வேலைக்குச் சேர்ந்தபோது இது பிரியாத வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலை தனியாகப் போனது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின. நாய்க் காட்சிக்கு நடுவராகப் பயிற்சி எடுத்தது நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான். ஆனால் ஓர் உயிரை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டது அதற்கு வெகுகாலம் முன்பு, பொய்கை சந்தையில்.

பொய்கை எங்கள் பக்கத்தின் பெரிய மாட்டுச் சந்தை, செவ்வாய்க்கிழமைதோறும் கூடும். நைனா என்னைச் சின்ன வயதிலேயே அழைத்துப் போவார். தரகர்கள் துண்டுக்குள் கையைக் கோத்து விரலைப் பிடித்து விலை பேசுவதை எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின கட்டம். நைனா முதலில் தூரத்தில் நின்று மாட்டைப் பார்ப்பார். அப்புறம் நாலடி நடக்க விடச் சொல்வார். கடைசியாகத்தான் கிட்டப் போய்ப் பல்லைப் பிடிப்பார், சுழி பார்ப்பார், முதுகை ஒரு தடவு தடவுவார். பல வருடம் கழித்து நடுவர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வரிசையும் கிட்டத்தட்ட இதேதான்.

நைனா அடிக்கடி ஒன்று சொல்வார். "இது இன்னா வேலைக்கு வந்த மாடு, ஏருக்கா வண்டிக்கா? அதைத் தெரிஞ்சிக்காம பல்லைப் பிடிச்சிப் பார்த்து இன்னா பிரயோஜனம்?"

டாஷ்ஹண்ட் என்ன வேலைக்கு வந்த நாய் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஜெர்மன் மொழியில் டாக்ஸ் என்றால் பேட்ஜர், மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் முரட்டு விலங்கு. ஹுண்ட் என்றால் நாய். அந்த வளைக்குள் தனியாக நுழைந்து, இருட்டில் அதை எதிர்கொண்டு, மேலே நிற்கிற வேட்டைக்காரனுக்குக் கேட்கும்படி குரைக்க வேண்டும். குட்டைக் கால், ஆழமான நெஞ்சு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய குரல் எல்லாம் அந்த வேலைக்காக வந்தவை. ஜெர்மானியர்கள் 1888-லேயே இதற்கென்று தனிச் சங்கம் வைத்துவிட்டார்கள்.

இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். புரிந்தது குடியாத்தத்தில். லுங்கி நெய்கிற ஒரு வீட்டுக்கு மாட்டுக்கு மடிநோய் என்று போயிருந்தேன். அந்த வீட்டில் ராணி என்று ஒரு சிவப்பு டாஷ்ஹண்ட். நான் போன நேரம் அது தறிக்கொட்டகைச் சுவரோரம் ஒரு பெருச்சாளி வளையில் இடுப்புவரை இறங்கியிருந்தது. வெளியே தெரிந்தது பின்னங்கால்களும் வாலும் மட்டும். பின்னங்காலுக்கு நடுவே மண் பறந்து வந்துகொண்டிருந்தது. குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல அடியிலிருந்து கேட்டது. வீட்டம்மா வாலடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. தானாகத்தான் வெளியே வந்தது, மூக்கு முழுக்கச் செம்மண்ணோடு. ஊசி போட்டுவிட்டுப் போகாமல் அந்த நாயின் முன்பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்பாதத்தைவிட நன்றாகவே பெரிது, விரல்கள் வளைந்து நெருக்கமாக, நகம் தடித்து, சின்ன மண்வெட்டி மாதிரி இருந்தது. நெஞ்சுக்குக் கீழே கையைக் கொடுத்தேன். நாலு விரலும் தாராளமாகப் போனது.

அந்த நாலு விரல்தான் விஷயம். வளைக்குள் முதுகில் மண் உரசும். நெஞ்சும் தரையோடு உரசினால் காலை மடக்கி மண்ணைத் தள்ள இடம் ஏது? நாய் இனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் 148-ம் எண் தரவிதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. நெஞ்சுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, தோள் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். உயரம் ஒன்று என்றால் உடல் நீளம் 1.7 முதல் 1.8. அதற்கு மேல் நீள வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் ஆசை நீளத்தின் மேல்தான். தரையோடு இழைந்து போகிற நாய் போட்டோவில் அழகாக இருக்கிறது, குட்டி விலையும் ஏறுகிறது.

நானும் அந்த அழகில் ஒருமுறை ஏமாந்தேன். நடுவரான புதிதில், பக்கத்து மாவட்டத்தில் ஒரு காட்சி. சிவப்பு ஆண் நாய், நீண்ட கழுத்து, செதுக்கி வைத்த தலை, எண்ணெய் தடவியது போன்ற முடி. மேசையில் கையைக் கொடுத்தபோது இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை. கைக்குத் தெரிந்தது, கண் கேட்கவில்லை. முதல் பரிசு கொடுத்தேன். கூட்டம் கை தட்டியது.

இரண்டரை வருடம் கழித்து அதே நாயை ஒரு பெட்ஷீட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். முந்தின நாள் சோபாவிலிருந்து குதித்ததாம். பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டிருந்தன. இந்த நிலையில் நாங்கள் முதலில் செய்வது விரல் சோதனை. பின்பாதத்தின் விரலை ஃபோர்செப்ஸால் எலும்பு வரைக்கும் அழுத்திப் பிடிக்க வேண்டும். கால் தானாக உள்ளே மடங்குவது கணக்கில்லை. நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்பதுதான் கணக்கு. வலி மூளைக்குப் போகிறது என்றால் நம்பிக்கை இருக்கிறது. நான் அழுத்தினேன். அது என்னைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு விரலைப் பிடித்தேன். அப்போதும் வாசலைத்தான் பார்த்தது. அன்றைக்கே அறுவை சிகிச்சைக்குச் சென்னைக்கு அனுப்பினேன். அது பிழைத்தது, நடக்கவில்லை.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கிற டிஸ்க்கில் வரும் நோய் இந்த இனத்தில் நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவுக்கு வருகிறது. பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில். நீளம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அது நியாயமில்லை. குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு மாற்றங்களில் ஒன்றே டிஸ்க்கையும் இளம் வயதிலேயே கெட்டியாக்கி நொறுங்க வைக்கிறது. அது ரிங்கில் எந்த நடுவரின் கைக்கும் அகப்படாது. டென்மார்க், ஃபின்லாந்து போன்ற நாடுகளில் இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் நடுவே முதுகை எக்ஸ்ரே எடுத்து, கெட்டியான டிஸ்க் எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகு இனப்பெருக்கத்துக்கு விடுகிறார்கள். நம் ஊரில் அந்த வழக்கம் வரவில்லை. இங்கே எக்ஸ்ரே இருக்க வேண்டிய இடத்தில் பரிசுக் கோப்பை இருக்கிறது. என்னை இன்றுவரை உறுத்துவது அதுதான். அந்தச் சிவப்பு நாயின் சொந்தக்காரர் வெள்ளந்தியாகச் சொன்னார், "நீங்க கையெழுத்துப் போட்ட சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்துட்டுத்தான் சார் ஆறு பேர் க்ராஸிங்குக்குக் கொண்டாந்தாங்க." ஆறு ஈற்றுக் குட்டிகள். எங்கெங்கே போயினவோ.

சரி, சத்துவாச்சாரிக்கு வருகிறேன். பப்பி கிளாஸில் ஏறக்குறைய வெள்ளையாக ஒரு குட்டி வந்தது, ஒரு கண் சிறுத்துப் போய். புள்ளிபுள்ளியாக இருக்கிற டாப்பிள் நிறத்தில் இரண்டைச் சேர்த்தால், நான்கில் ஒரு குட்டி அந்த மரபணுவை இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு பிறக்கும். பாதிப்பு கண்ணுக்கோ காதுக்கோ போகும். குட்டியின் பின்னால் நின்று கையைத் தட்டினேன். திரும்பவில்லை. கொண்டுவந்தது பத்தாவது படிக்கிற பிள்ளை. "அபூர்வ கலர்" என்று சொல்லி இரட்டை விலைக்கு விற்றிருக்கிறார்கள். ரிங்கை விட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. ஆனால் அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. ரிங்கில் எனக்கு உதவியாக, ஸ்டூவர்டாக நின்ற தம்பியிடம் இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு, காது கேட்காத நாயைத் தரையைத் தட்டி எப்படிக் கூப்பிடுவது, கையசைவில் எப்படிப் பழக்குவது என்று அந்தப் பிள்ளைக்குச் செய்து காட்டினேன்.

கடைசிச் சுற்றில் இரண்டு நாய்கள் நின்றன. ஒன்று ஆம்பூரிலிருந்து வந்த சிவப்பு ஆண். வைத்திருந்த இளைஞர், ரிங்கில் நாயை நடத்திக் காட்ட நன்றாகப் பழகிய ஹேண்ட்லர். அவர் அதை ரிங்குக்குள் கொண்டுவந்த விதத்தை அப்போதே கவனித்தேன். ஒரு கையை முன்னங்கால் இடுக்கில் கொடுத்துத் தூக்கி, பின்பக்கம் தொங்க, அப்படியே வந்தார். இன்னொன்று பேரணாம்பட்டு ஆசிரியை ஒருவர் கொண்டுவந்த கறுப்பும் பழுப்புமான பெட்டை. கழுத்து கொஞ்சம் குட்டை, கண்ணும் நான் விரும்புகிற அளவுக்குக் கறுப்பில்லை. அவருக்கு நிறுத்திக் காட்டவும் சரியாகத் தெரியவில்லை. நாய் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டது, அவர் முகம் சுருங்கியது.

இரண்டையும் இன்னொரு முறை நடக்க விட்டேன், என்னை விட்டு நேராகப் போய் நேராகத் திரும்பும்படி. சிவப்பு போகும்போது முழங்கைகள் இரண்டும் வெளியே பிதுங்கின. பக்கவாட்டில் பார்த்தால் வேகம் எடுக்க எடுக்க முதுகு நடுவில் தொய்ந்தது. பெட்டை நடந்தபோது பனி ஈரத்தில் தடம் விழுந்தது. முன்கால் தடமும் பின்கால் தடமும் ஒரே கோட்டில். முதுகு ஏற்ற இறக்கமின்றி மரப்பலகை போலப் போனது. வயிறு கொஞ்சமும் சரியவில்லை. ஆம்பூர், வேலூர் வீடுகளில் பிரியாணியும் பிஸ்கட்டும் கொடுத்துக் கொடுத்து உருட்டி வைத்திருக்கும் டாஷ்ஹண்டுகளையே பார்த்த எனக்கு, விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படுகிற ஒரு நாயைத் தொட்டதில் அவ்வளவு நிம்மதி.

பெட்டைக்குக் கொடுத்தேன். கை தட்டல் தயங்கித்தான் வந்தது. ஆசிரியை நம்பாமல் ஸ்டூவர்டைப் பார்த்தார், "எனக்கா தம்பி?" என்றார்.

எல்லாம் முடிந்து பேப்பரில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது ஆம்பூர் இளைஞர் வந்தார். கோபம் இருந்தது, மரியாதையும் இருந்தது. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கிட்ட இன்னா கொறைன்னு சொல்லிட்டீங்கன்னா தெரிஞ்சிப்பேன்."

நாயை மேசையில் நிறுத்தச் சொன்னேன். "நீங்களே கையைக் குடுங்க தம்பி, நெஞ்சுக்குக் கீழ."

கொடுத்தார். விரலை மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டுதான் சார் போவுது."

ஆசிரியை இன்னும் போகவில்லை. அவரைக் கூப்பிட்டுப் பெட்டையையும் பக்கத்தில் நிறுத்தினேன். இளைஞர் அதிலும் கையைக் கொடுத்துப் பார்த்தார், கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. அப்புறம் கேட்டார், "சார், இவனுக்கு ரெண்டு பேர் க்ராஸிங் கேட்டிருக்காங்க. வேலூர்ல ஒருத்தர், வாணியம்பாடில ஒருத்தர்."

இவனுக்கு வயது என்ன என்றேன். இரண்டே கால் என்றார். முதலில் முதுகை எக்ஸ்ரே எடுங்கள், எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள், பணம் வேண்டாம் என்றேன். அதுவரை அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். காத்திருக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது நாயைத் தூக்கப் போனவரை நிறுத்தி, ஒரு கையை நெஞ்சுக்கும் இன்னொரு கையைப் பின்தொடைக்கும் கொடுக்கச் சொன்னேன். முதுகு சமமாக இருக்கும்படி தூக்கிக்கொண்டு, வெயில் ஏறியிருந்த மைதானத்தைத் தாண்டி மெதுவாக வண்டிக்குப் போனார்.