பால்டி குருத்வாரா

டொரன்டோவை விட்டு வான்கூவர் தீவுக்குக் குடிபெயர முடிவானதும் என் மனைவி முதலில் கேட்டது கோயிலைப் பற்றித்தான். ஸ்காபரோவில் தடுக்கி விழுந்தால் தமிழ்க் கடை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். தீவில் நாங்கள் குடியேறிய டங்கன் ஊரில் எங்களுக்கென்று அப்படி எதுவும் இருக்கவில்லை. கூட வேலை செய்யும் பஞ்சாபிப் பெண்தான், "பால்டிக்கு வாருங்கள், எல்லோரும் வரலாம்" என்று அழைத்தார்.

டங்கனிலிருந்து மேற்கே, காடுகளுக்கு நடுவே இருக்கிறது பால்டி. ஊர் என்று சொல்ல இன்று சில வீடுகளே மிச்சம். சீக்கியரின் வழிபாட்டிடமான குருத்வாரா மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. அதன் முன்னால் காவித் துணி சுற்றிய நிஷான் சாகிப் கொடிமரம். ஒரு காலத்தில் மரம் அறுக்கும் ஆலையை நம்பி நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்த இடம் இது. 1906இல் கனடா வந்த மேயோ சிங் என்பவர், 1917 வாக்கில் கூட்டாளிகளோடு இங்கே ஆலையை நிறுவினார். பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் தாம் பிறந்த கிராமத்தின் பெயரையே பின்னர் ஊருக்கு வைத்தார்.

1919இல் முதல் குருத்வாரா எழுந்தது. அதுவரை இந்தியத் தொழிலாளர் தங்கள் மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ளச் சட்டம் விடவில்லை. அந்த ஆண்டில்தான் தடை தளர்ந்தது. அப்போதும் வந்து சேர்ந்த பெண்கள் மிகச் சிலரே. வாக்குரிமைக்கோ 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டில் உரிமை கிடைப்பதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் முன்பே வழிபட ஓர் இடத்தைக் கட்டிவிட்டார்கள். அந்த மனத்துணிவை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. இன்று நாம் காணும் கட்டடம் 1959இல் எழுப்பப்பட்டது.

ஆலையில் சீக்கியரோடு ஜப்பானியரும் சீனரும் வெள்ளையரும் வேலை செய்தார்கள். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். 1942இல் போரைக் காரணம் காட்டி, கனடா அரசு ஜப்பானியக் குடும்பங்களை இங்கிருந்து அள்ளிக்கொண்டு போனது. வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளை திடீரென்று இல்லாமல் போவது எப்படியிருக்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் பள்ளிக்குப் போன எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

நாங்கள் முதலில் போனது ஜூலை மாத மேளாவுக்கு. தலையை மூடிக்கொண்டு, சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பை வணங்கிவிட்டு, லங்கர் என்னும் பொதுப் பந்தியில் வரிசையாகத் தரையில் அமர்ந்தோம். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். மனைவி ஒரு கையை நீட்டியபோது, பரிமாறிய ஆச்சி சிரித்துக்கொண்டே அவளுடைய மற்றக் கையையும் பிடித்துச் சேர்த்து, சூடான ரொட்டியை வைத்து, "இன்னொன்று, மகளே?" என்றார். நீங்கள் யார், எந்தச் சாதி, எந்த மதம் என்று எவரும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் கோயில்களில் சிலருக்குக் கதவு மூடப்பட்ட கதையை அறிந்தவன் நான். அந்தப் பந்தியில் எனக்குத் தொண்டை அடைத்தது.

1914இல், பெரும்பாலும் சீக்கியரான 376 இந்தியப் பயணிகளோடு வான்கூவர் துறைமுகத்துக்கு வந்த கோமகாட்டா மாரு கப்பல் இரண்டு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டு, பெரும்பாலோரோடு திருப்பி அனுப்பப்பட்டது. 2010இல் 492 தமிழரோடு சன் சீ கப்பல் வந்து சேர்ந்தது நாங்கள் வாழும் இந்தத் தீவின் எஸ்குவிமால்ட் துறைமுகத்தில். அவர்களும் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஆனால் கப்பலோடு திருப்பி அனுப்பப்படவில்லை. முன்னவர்கள் பட்ட பாட்டையும் நடத்திய போராட்டத்தையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதனாலேயே மகனை அங்கே அழைத்துப் போகிறேன். பழைய படங்களைக் காட்டி முதியவர்கள் சொல்வதைக் கேட்க வைக்கிறேன்.

மனைவி இப்போது சமையற்கட்டில் வெங்காயம் உரிப்பவர்களில் ஒருத்தி. தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவரலாமா என்று அந்த ஆச்சியிடம் கேட்டாள். "வீட்டில் பொங்கி எதற்குச் சுமக்கிறாய்? இங்கேயே பெரிய கிடாரத்தில் பொங்கு, எல்லோருக்கும் போதும்" என்றார். எவ்வளவு அரிசி, எவ்வளவு பயறு என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.