பழைய எஞ்சினில் டாப்பெட் சத்தம்: சரிசெய்த கதை

ஆரம்பத்தில் என் வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் மட்டும் டிக் டிக் என்று கேட்கும், பிறகு அடங்கிவிடும். ஹைட்ராலிக் டாப்பெட் (வால்வை இயக்கும் பாகங்களுக்கு நடுவே இடைவெளி விழாதபடி, ஆயில் நிரம்பித் தாங்கி நிற்கும் சிறு உருளை) உள்ள எஞ்சினில் அது சகஜம்தான். வண்டி நிற்கும்போது, திறந்த நிலையில் நின்றுபோன வால்வின் ஸ்பிரிங் டாப்பெட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் ஆயில் மெல்லக் கசிந்துவிடும். ஓடத் தொடங்கியதும் மறுபடி நிரம்பும். ஆனால் போகப்போக எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி அந்தச் சத்தம் விடாமல் வர ஆரம்பித்தது.

கேட்டவர்கள் எல்லோரும் இரண்டு வழிதான் சொன்னார்கள்: டாப்பெட் செட்டையே மாற்று, அல்லது ஆயிலில் ஏதாவது மருந்து ஊற்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் காசு செலவழிப்பதில் என்ன பயன்?

முதலில் தாளத்தைக் கவனித்தேன். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐடிலிங்கில் 800 ஆர்பிஎம் (கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று) என்றால் ஒரு டாப்பெட் நிமிடத்துக்கு 400 முறை, அதாவது விநாடிக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவாகத் தட்டும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் போயிருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் கனமான தட்டல் வரும், லோடு ஏறும்போது கூடும். என் எஞ்சினில் கேட்டது மெல்லிய, வேகம் குறைந்த தட்டல். பாதி பயம் அதிலேயே போனது.

அப்புறம் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வால்வ் கவர் போல்ட்டுகள் மேல் ஒவ்வொன்றாக வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். (பெல்ட்டும் ஃபேனும் பக்கத்தில் சுற்றுகின்றன. சட்டைக் கை, தலைமுடி எல்லாம் ஜாக்கிரதை.) எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் டிக் டிக் என்றுதான் அடிக்கும், ஆனால் எல்லாம் ஒரே அளவில் கேட்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கேஸ்கெட் லீக்கும் டாப்பெட் மாதிரியே ஏமாற்றும். பெரும்பாலும் அது குளிர்ந்த எஞ்சினில் பலமாக வந்து, உலோகம் சூடேறி விரிந்ததும் குறையும். எனக்கு அப்படிக் குறையவில்லை. மூன்றாவது சிலிண்டருக்கு மேலே மட்டும் சத்தம் காதில் குத்தியது.

அடுத்தது ஆயில். டாப்பெட் வேலை செய்வதே ஆயில் அழுத்தத்தில்தான், அதனால் இதைத் தாண்டிப் போகவே கூடாது. அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். அளவு மிஞ்சினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் உள்ள காற்று அமுங்கும் என்பதால் டாப்பெட் விறைப்பாக நிற்காது. டிப்ஸ்டிக்கில் என் அளவு சரியாகவே இருந்தது. அடுத்து, பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டினேன். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லையே என்று நிம்மதியாக இருப்பது தப்பு. அழுத்தம் மிகமிகக் குறைந்த பிறகுதான் அது எரியும். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) என்பது பழைய கணக்கு, உங்கள் எஞ்சினின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுதான் கடைசி வார்த்தை. சூடான எஞ்சினில் எனக்கு அது சரியாக வந்தது. பம்பும் பேரிங்கும் நலம் என்றால் குற்றவாளி மேலேதான்.

வால்வ் கவரைத் திறந்தால் எங்கும் கறுப்புக் கசடு. ஆயில் இறங்கும் ஓட்டைகளில் எதுவும் விழாதபடி துணியால் அடைத்தேன். என் எஞ்சினில் ராக்கர் ஆர்மின் ஒரு நுனி டாப்பெட் மேலும் மறு நுனி வால்வ் மேலும் உட்காரும், நடுவில் கேம் அழுத்தும். கேமின் மேடு ராக்கரை விட்டு விலகும்படி எஞ்சினைக் கையால் திருப்பி வைத்துக்கொண்டு, டாப்பெட் பக்க நுனியை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல டாப்பெட் கல் மாதிரி அசையாமல் நிற்கும். மூன்றாவது சிலிண்டரில் ஒன்று மட்டும் மெத்தென்று உள்ளே போனது. விரலை எடுத்தும் சட்டென்று மேலே வரவில்லை. தேடியது இதுதான்!

கேம் மேடுகளில் குழியோ தேய்மானமோ இல்லை. இருந்திருந்தால் டாப்பெட்டை மட்டும் மாற்றி எந்தப் பயனும் இல்லை. அந்த சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இல்லாதபடி வைத்து, வால்வ் ஸ்பிரிங்கைக் கருவியால் கொஞ்சமே அழுத்தி ராக்கரை உருவினேன். டாப்பெட் கையோடு வந்தது. மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்தக் குழியில் இருந்தது என்று எண் போட்டு, நிமிர்த்தியே வைத்தேன். ஒவ்வொன்றும் தன் இடத்துக்குப் பழகித் தேய்ந்திருக்கும், இடம் மாற்றக் கூடாது.

டீசலில் ஊறவைத்து, மேல் ஓட்டை வழியாக மெல்லிய கம்பியை விட்டு உள்ளே ஆயில் திரும்பாமல் அடைக்கும் சிறு குண்டான செக் பாலை மென்மையாக அழுத்திக்கொண்டே, டாப்பெட்டுக்குள் மேலும் கீழும் நகரும் பிளஞ்சரை ஏற்றி இறக்கினேன். கறுப்பாகப் புகைபோல அழுக்கு வெளியே வந்தது. தெளிவாகும் வரை டீசலை மாற்றி மாற்றிச் செய்துவிட்டு, கடைசியில் புது எஞ்சின் ஆயிலில் மூழ்கடித்துக் குமிழி நிற்கும்வரை காற்றை எடுத்தேன். கம்பியை எடுத்துவிட்டு அழுத்தினால் அசையாமல் நிற்க வேண்டும். எல்லாம் நின்றன, அந்த ஒன்றைத் தவிர. அதற்கு மட்டும் புதியது வாங்கினேன்.

மாட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். டாப்பெட் முழுக்க நிரம்பி நீண்டிருந்தால் வால்வ் சரியாக மூடாது, சில எஞ்சின்களில் பிஸ்டனில் இடிக்கவும் கூடும். அரை மணி நேரமாவது விட்டுவிட்டு, முதலில் கையால் இரண்டு சுற்று திருப்பிப் பாருங்கள்.

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றித்தான் ஸ்டார்ட் செய்தேன். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டராகப் பார்த்து வாங்கினேன். அது இல்லாவிட்டால் காலைச் சத்தம் கூடும். முதலில் பலமாகவே தட்டியது. மெதுவாக 3,000 ஆர்பிஎம் வரை ஏற்றி, மெதுவாக இறக்கி, திரும்பத் திரும்பச் செய்ததில் உள்ளே தங்கிய காற்று வெளியேறி, சத்தம் தேய்ந்து நின்றேவிட்டது.

கசடைக் கரைக்கும் ஃபிளஷ் திரவத்தை நான் தொடவில்லை. இவ்வளவு அழுக்கான எஞ்சினில் கட்டி கட்டியாகப் பெயர்ந்து சம்ப் ஸ்ட்ரெய்னரை (ஆயில் தொட்டியில் உள்ள வடிகட்டி) அடைத்துவிட்டால், டாப்பெட் போய் பேரிங்குக்கே ஆபத்து. அதற்குப் பதிலாக, வழக்கமான இடைவெளியில் பாதியிலேயே ஆயிலை மாற்றிவருகிறேன். வடிகிற ஆயிலின் கறுப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைகிறது.