ஹஜ்ஜில் போனும் டேட்டாவும்: எங்களுக்கு உதவியது, உதவாதது

ஹஜ்ஜுக்குப் பெயர் வந்தவர்கள் போன் செய்தால் துஆ செய்யச் சொன்ன கையோடு அடுத்து கேட்பது, "அங்கே எந்த சிம் வாங்கினீங்க, நெட் ஒழுங்கா கிடைச்சுதா?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான், கணவர், மாமி மூன்று பேரும் ஹஜ் கமிட்டி மூலமாகப் போனோம். மாமிக்கு 70 வயதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு, தமிழைத் தவிர எந்த மொழியும் தெரியாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் பல இடங்களில் தனித்தனி ஏற்பாடு என்பதால் அம்மாவும் மகனும் ஒரே டெண்டில் இருக்க முடியாத நேரங்கள் வரும். எனக்கு நெட் முக்கியமாகத் தெரிந்தது இதனால்தான். மூவரும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முடியவேண்டும், அவ்வளவுதான் எங்கள் தேவை.

கிளம்பும் முன் ஊர் சிம்மில் செய்யவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சர்வதேச ரோமிங்கை இங்கிருந்தே ஆன் செய்துகொண்டு போங்கள், ஆனால் அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்து வையுங்கள். ரோமிங் இருந்தால்தான் வங்கி ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வந்து சேரும், அது இல்லாமல் கார்டும் நெட் பேங்கிங்கும் இருந்தும் இல்லாத மாதிரிதான். டேட்டா ரோமிங் ஆனில் இருந்தால் நாம் ஒன்றும் செய்யாமலேயே போன் பின்னால் எதையாவது இழுத்துக்கொண்டிருக்கும், பில் எகிறிவிடும். அப்புறம், சவூதி சிம்மைப் போட்டதும் வாட்ஸ்அப் "புது எண்ணுக்கு மாறவா?" என்று கேட்கலாம், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய எண்ணிலேயே வாட்ஸ்அப் ஓடும், ஊரில் இருப்பவர்களுக்கு எந்தக் குழப்பமும் வராது.

கணவர் தன் போனில் ஒரு ஈசிம்மை (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) ஊரிலிருந்தே வாங்கி ஏற்றிக்கொண்டு வந்தார். ஜித்தாவில் இறங்கியதும் நெட் வந்துவிட்டது, மக்காவுக்கு பஸ்ஸில் போகும்போதே பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டோம். அந்த அளவுக்கு அது நல்லது. ஆனால் இந்தப் பயண ஈசிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டும்தான் தரும், சவூதி எண் கிடையாது. எண் இல்லாவிட்டால் ஒருவரை நேராக அழைக்கவோ எஸ்எம்எஸ் அனுப்பவோ முடியாது. ஊர் எண்ணிலிருந்து ஊர் எண்ணுக்கு அங்கே ரோமிங்கில் பேசினால், பக்கத்து டெண்டில் இருப்பவரிடம் பேசினாலும் இரண்டு பக்கமும் காசு போகும். அதனால் வயதானவர்களோடு போகிறவர்கள் ஆளுக்கு ஒரு உள்ளூர் சிம் வாங்குவதுதான் சரி என்று நான் உறுதியாகச் சொல்வேன், ஈசிம் இருந்தாலும்கூட.

உள்ளூர் சிம் என்றால் எஸ்டிசி, மொபைலி, ஸைன் மூன்றும்தான் அங்கே பெரிய நெட்வொர்க்குகள். மூன்றிலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்று பேக்கேஜ் உண்டு. எது சிறந்தது என்று அடித்துப் பேசுவதில் அர்த்தமில்லை, கூட்ட நாட்களில் மூன்றுமே திணறும். எங்களில் இருவர் ஒரு நெட்வொர்க், ஒருவர் வேறொன்று என்று வாங்கினோம். ஒன்று படுத்தால் இன்னொன்று இருக்கட்டும் என்பதுதான் யோசனை.

சிம் வாங்கப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும், விரல்ரேகையும் வைக்கவேண்டும். 2016இல் அங்கே சிம்முக்கு ரேகை சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். எங்களுக்கு நேரம் பிடித்தது இங்கேதான். மாமியின் கட்டைவிரலை அந்தச் சின்னக் கருவி ஏற்கவே இல்லை. காலமெல்லாம் பாத்திரம் தேய்த்து ரேகை மழுங்கிப்போன விரல், போதாததற்குக் கிளம்பும் முன் பேத்திகள் ஆசையாக வைத்துவிட்ட மருதாணி வேறு நுனியில் அடர்த்தியாக இருந்தது. கடையில் இருந்த பங்களாதேஷ் தம்பி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார், கருவியின் கண்ணாடியைச் சட்டையில் தேய்த்துப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்குதான். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போக, மாமி பதறிப்போய் "எனக்கு வேணாம்மா, நீங்க ரெண்டு பேரும் வச்சுக்குங்க" என்றார். நான் விடவில்லை. வேறு விரலில் முயன்று பார்க்கலாமா என்று கேட்டேன். மோதிர விரலில் பச்சை எரிந்தது. வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இரண்டு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: விரல் நுனியில் மருதாணி வேண்டாம், ஒரு விரல் விழவில்லை என்றால் மற்ற விரல்களையும் கேட்டுப் பாருங்கள். யாரோ தெருவில் நின்று "ரேகை வேணாம், ரெடி சிம்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். அது வேறொருவர் பெயரில் இருக்கும், எந்த நிமிஷத்திலும் நின்றுபோகலாம்.

மாமிக்குப் பழைய ஸ்மார்ட்போன் ஒன்றைக் கொடுத்திருந்தோம். முகப்புத் திரையில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, மகன் படம், என் படம் இரண்டை மட்டும் பெரிதாக வைத்தோம், தொட்டால் அழைப்பு போகும். கூடவே ஒரு காகிதத்தில் எங்கள் சவூதி எண்கள், கட்டிடத்தின் எண், குழு வழிகாட்டியின் எண் எல்லாவற்றையும் எழுதிக் கழுத்தில் தொங்கும் நுஸுக் அட்டையின் (ஹாஜிகளின் அடையாள அட்டை) பின்னால் செருகிவிட்டோம். போன் செத்தாலும் காகிதம் சாகாது.

மக்காவில் ஹஜ்ஜுக்கு முந்தைய நாட்களில் நெட் நன்றாகவே இருந்தது. நாங்கள் தங்கிய அஜீஸிய்யா பகுதியில் அறையில் இருக்கும்போது வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு எல்லாம் தடையில்லாமல் போகும். வாட்ஸ்அப் அழைப்பை மட்டும் நம்பவேண்டாம், எங்களுக்கு அது சரியாக இணையவே இல்லை. காபா இருக்கும் பெரிய பள்ளிவாசலான ஹரமுக்குள் தொழுகை முடிந்த உடனே லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் போனை எடுக்கும் அந்தக் கால் மணி நேரம் மட்டும் எதுவும் நகராது. அதற்காக நாங்கள் வாசல் எண்ணை வைத்துக்கொண்டோம். ஹரமின் வாசல்களுக்கு எண் உண்டு, மன்னர் ஃபஹத் வாசல் 79. "தொழுகை முடிஞ்சா 79க்கு வெளியே" என்று உள்ளே போகும் முன்பே பேசிவிட்டால் யாரும் யாரையும் அழைக்கவேண்டியதே இல்லை. லைவ் லொகேஷன் இந்த நாட்களில் பயன்பட்டது. 8 மணி நேரம் வரை பகிரலாம், மாமி கழிப்பறைக்குப் போய் வழி தடுமாறிய ஒரு சமயம் அதை வைத்துத்தான் அவர் நின்ற முற்றத்தைக் கண்டுபிடித்தோம்.

ஒன்று மட்டும் மனதாரச் சொல்கிறேன். காபாவைச் சுற்றிவரும் தவாஃபில் வீடியோ கால் செய்யாதீர்கள். எவ்வளவோ வருஷம் காத்திருந்து, அழுது கேட்டு வந்த இடம். போனை உயர்த்திப் பிடித்துப் பின்னால் நடக்கிறவர்களையும் தடுத்து, காபாவுக்கு முதுகைக் காட்டி நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு வலித்தது. ஊரில் உள்ளவர்களோடு அறைக்கு வந்து நிதானமாகப் பேசலாம்.

துல்ஹஜ் மாதம் பிறை 8 அன்று, ஹாஜிகள் டெண்டுகளில் தங்கும் மினாவுக்குப் போனதும் கதையே மாறிவிடுகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சில கிலோமீட்டர் பள்ளத்தாக்குக்குள், எல்லார் கையிலும் போன். சிக்னல் கோடுகள் முழுசாகத் தெரியும், ஆனால் வாட்ஸ்அப் செய்திக்குப் பக்கத்தில் அந்தக் குட்டிக் கடிகாரக் குறி அப்படியே நிற்கும், ஒற்றை டிக்காக மாறவே மாறாது. ஒரு டவரின் கொள்ளளவை அத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்வதால் வரும் நெரிசல் இது, பேக்கேஜில் எத்தனை ஜிபி மீதம் இருந்தாலும் பிரயோஜனமில்லை. எஸ்எம்எஸ் மட்டும் போனது. அதற்குத் தேவைப்படும் இடம் மிகக் கொஞ்சம், அதனால் நெரிசலிலும் எப்படியாவது நுழைந்துவிடுகிறது. நேரம் கழித்துப் போனாலும் போய்ச் சேர்ந்தது.

சிக்னல் இப்படித் திணறும்போது டவரைப் பிடிக்க போன் கூடுதலாக உழைக்கிறது, பேட்டரி சீக்கிரம் கரைகிறது. டெண்டில் இருக்கும் பிளக்குகள் எல்லாருக்கும் போதாது, அதுவும் அங்கே மூன்று தட்டை முள் பிளக், நம் ஊர் சார்ஜர் நேராகப் போகாது, அடாப்டர் வேண்டும். ஆகவே நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: போன் ஏரோப்ளேன் மோடில் இருக்கும், ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கொஞ்ச நேரம் மட்டும் ஆன் செய்து, ஆளுக்கு ஒரு எஸ்எம்எஸ். மினாவில் தொழுகைகளைச் சுருக்கித் தொழுதாலும் அந்தந்த நேரத்தில் தொழுவதால் இது அழகாகப் பொருந்திவந்தது, மாமிக்குக்கூடக் கடிகாரம் பார்க்கவேண்டிய அவசியமில்லை. மறுநாள் போகும் அரஃபா மைதானத்தில் மட்டும் மதியத் தொழுகை லுஹரையும் மாலைத் தொழுகை அஸரையும் சேர்த்துத் தொழுவதால் நடுவில் பெரிய இடைவெளி வரும், சூரியன் மறைந்தபின் பஸ் ஏறும் நேரத்தில்தான் ஆட்கள் பிரிகிறார்கள். அதனால் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு தடவை கூடுதலாக ஆன் செய்வது என்று வைத்தோம். அதற்கிடையில் போனைத் தொடவே இல்லை. அரஃபாவின் பகல் துஆவுக்கு உரியது, அதில் ஒரு நிமிஷத்தைக்கூட நெட் தேடுவதில் விட எனக்கு மனமில்லை.

வெயிலும் போனுக்கு எதிரிதான். வெளியில் கையில் பிடித்து நின்றால் திரை மங்கிப்போகும், சூடு அதிகமாகிவிட்டது என்று சொல்லி சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். துணிப்பையில் போட்டு நிழலில் வையுங்கள், பவர் பேங்கையும் அப்படியே. ஆண்களின் இஹ்ராம் உடையில் பாக்கெட் கிடையாது என்பதால் இடுப்பு பெல்ட்டில் ஜிப் வைத்த அறை ஒன்று போனுக்கென்று இருக்கட்டும்.

பிறை 10 அன்று நானும் கணவரும் கல் எறியப் போனோம், மாமிக்குப் பதிலாக அவர் மகனே எறிந்தார். கல் எறியும் இடமான ஜம்ராத்தில் போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறு, நின்று திரும்பிப் பார்க்க விடமாட்டார்கள். கூட்டம் பிரித்துவிட்டது. வாட்ஸ்அப்பில் கடிகாரக் குறிதான். நான் "நலம். டெண்டுக்கு வாங்க" என்று ஒரு எஸ்எம்எஸ் தட்டிவிட்டு, மேப்பைத் திறந்தேன். மக்கா முழுவதையும் ஊரிலேயே ஆஃப்லைனாக இறக்கி வைத்திருந்தேன், மினாவுக்குப் போன அன்றே டெண்டில் நின்று அந்த இடத்தைச் சேமித்தும் வைத்திருந்தேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு நெட் தேவையில்லை. நீலப்புள்ளி நகர நகர, தெருக் கம்பத்து எண்ணையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் போன் அதிர்ந்தது: "வந்துட்டேன். அம்மா நல்லா இருக்காங்க."

மதீனாவில் நெட் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நபியின் பள்ளிவாசலுக்குள் இருக்கும் ரவ்ளா என்ற இடத்துக்கான அனுமதி தவிர. அதை சவூதி அரசின் நுஸுக் ஆப்பில்தான் எடுக்கவேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு நேரம், மாமிக்கும் எனக்கும் ஒரே நேரம் கிடைக்க பல தடவை திறந்து பார்க்கவேண்டியிருந்தது, காலி இடங்கள் வருவதும் போவதுமாக இருக்கும். அறையில் நல்ல நெட் இருக்கும்போதே அனுமதியைத் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, ஆப்பையும் மூடாமல் அப்படியே கொண்டுபோனோம். வாசலில் நின்று திறக்க முயன்ற ஒரு சகோதரிக்கு அது சுற்றிக்கொண்டே இருந்தது, பாவம், வரிசையை விட்டு ஒதுங்கி நின்று திறந்தபின்தான் வந்து சேர்ந்தார்.

டேட்டா தீராமல் இருக்க: போட்டோ பேக்கப், வாட்ஸ்அப் தானாக இறக்கும் வீடியோக்கள் இரண்டையும் நிறுத்துங்கள். நமக்கு ஸலாம் சொல்லி சொந்தக்காரர்கள் அனுப்பும் வீடியோக்களே பாதியைத் தின்றுவிடும். ஊரில் ஒரு ஆளுக்கு மட்டும் தினமும் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள், மற்றவர்களுக்கு அவர் சொல்லிக்கொள்ளட்டும். நாங்கள் மூத்த மகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தோம்.

திரும்பும்போது சவூதி சிம்மை அறையிலேயே கழற்றி எறிந்துவிடாதீர்கள். பஸ் கிளம்பும் நேரம் மாறினால் குழு வழிகாட்டி அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார், எங்களுக்கும் கடைசி நாள் அப்படித்தான் அழைப்பு வந்தது. விமானத்தில் ஏறி உட்காரும் வரை அது போனிலேயே இருக்கட்டும்.