டைம்கோடும் ஃபிரேம் ரேட்டும்: எடிட்டிங் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் ஈப்போவுக்குப் போய்த்தான் வீடியோ எடிட்டிங் படித்தேன். வெட்டுவது, ஒட்டுவது, நிறம் சரிசெய்வது எல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டன. ஆனால் முதல் பருவத் தேர்வில் டைம்கோடு கேள்விகளில் மதிப்பெண் மொத்தமாகப் போனது. திரையின் மூலையில் ஓடும் அந்த எட்டு இலக்கங்களைக் கடிகாரம் என்று நினைத்திருந்தேன். அடுத்த பருவத்தில் அதே பகுதிதான் எனக்குக் கைகொடுத்தது. நடுவில் நடந்தது எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா.

இரவு ஊர்வலத்தில் உறுமி மேளத்தை நாற்பது நிமிடம் விடாமல் கைப்பேசியில் எடுத்தேன். சத்தத்தைத் தனியாக ஒரு ரெக்கார்டரில் பதிந்தேன். வீட்டுக்கு வந்து டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இரண்டையும் சேர்த்தேன். வீடியோ என்பது வேகமாக ஓடும் தனித்தனிப் படங்கள்தான், அதில் ஒரு படம்தான் ஒரு ஃபிரேம். குச்சி தோலில் படும் ஃபிரேமைத் தேடிப் பிடித்து, சத்தத்தில் முதல் அடி எழும்பும் இடத்தோடு நேராக வைத்தேன். இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. அனுப்பிவிட்டேன். மறுநாள் மேளக்குழு அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, போகப் போக நான் அடிச்சு முடிச்ச பிறகுதான் சத்தம் வருது, என்னன்னு பாரு" என்றார். முப்பதாவது நிமிடத்துக்குப் போய் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். குச்சி தோலை விட்டு மேலே போய்விட்டது, அதற்குப் பிறகுதான் அடி விழும் சத்தம். அவ்வளவு நன்றாக வாசித்தவரின் கையை நான் தாளம் தப்ப வைத்துவிட்டேனே என்று அன்றைக்கு நிஜமாகவே வருந்தினேன்.

காரணம் இதுதான். கைப்பேசி அமைப்பில் நொடிக்கு 30 ஃபிரேம் என்று இருந்தாலும், பல கைப்பேசிகள் அதை ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், நொடிக்கான எண்ணிக்கை இறங்கிவிடும். இதற்கு வேரியபிள் ஃபிரேம் ரேட் என்று பெயர். மென்பொருள் எல்லாவற்றையும் 30 என்றே எண்ணி ஓட்டினால், குறைவான படங்கள் சீக்கிரம் ஓடி முடியும். அதனால் படம் முன்னே போகும், சத்தம் பின்தங்கும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் 'வேரியபிள்' என்றே காட்டும். ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' (ஒரே சீரான ஃபிரேம் ரேட்) என்பதைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றிவிட்டு, அதன் பிறகு எடிட்டிங்குக்குக் கொண்டுபோங்கள். நான் அப்படி மாற்றித்தான் அந்த நாற்பது நிமிடத்தைச் சரிசெய்தேன்.

சரி, இப்போது டைம்கோடு. 00:02:10:15 என்றால் மணி, நிமிடம், நொடி, கடைசியில் ஃபிரேம். அந்தக் கடைசி இரண்டு இலக்கம் 99 வரை போகாது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 24 வரைதான், அடுத்தது 00. மொத்த ஃபிரேம் கேட்டால் 130 நொடியை 25-ஆல் பெருக்கி 15 கூட்டுங்கள்: 3265. நான் மதிப்பெண்ணை விட்டது கழித்தலில். 10 நொடி 05 ஃபிரேமிலிருந்து 7 நொடி 20 ஃபிரேமைக் கழிக்கச் சொன்னார்கள், 2 நொடி 85 என்று எழுதினேன். பஸ் நேரத்தைக் கழிக்கும்போது ஒரு மணியைக் கடன் வாங்கினால் 60 நிமிடம் வரும் இல்லையா, அதேபோல் இங்கே ஒரு நொடியைக் கடன் வாங்கினால் 25 ஃபிரேம் வரும். விடை 2 நொடி 10 ஃபிரேம். கேள்வியில் ஃபிரேம் ரேட் என்ன என்பதை முதலில் வட்டமிடுங்கள். அது 30 ஆக இருந்தால் கடனும் 30.

எல்லாரையும் குழப்புவது டிராப் ஃபிரேம். அமெரிக்காவில் 1953-இல் வண்ணத் தொலைக்காட்சிக்கான முறையை வகுத்தபோது, வண்ணச் சமிக்ஞை ஒலிச் சமிக்ஞையோடு மோதாமல் இருக்க 30-ஐ 29.97 ஆகக் குறைத்தார்கள். ஆனால் எண்ணுவது மட்டும் 30, 30 ஆகத்தான். அதனால் டைம்கோடு ஒரு மணி நேரம் என்று காட்டும்போது உண்மையில் 3.6 நொடி கூடுதலாக ஓடியிருக்கும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டிவிடுவார்கள். 00, 10, 20, 30, 40, 50 என்ற ஆறு நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. மணிக்கு 54 நிமிடம், நிமிடத்துக்கு இரண்டு, ஆக 108 எண்கள். 30-ஆல் வகுத்தால் அதே 3.6 நொடி.

இதில் படம் எதுவும் தொலையாது. நம் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், 4-ஆம் எண் வேண்டாம் என்று 3-க்கு அடுத்து 3ஏ போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்தான் இல்லை, வீடு இருக்கிறது, ஆட்களும் குடியிருக்கிறார்கள். டிராப் ஃபிரேமும் அப்படித்தான். 00:00:59;29-க்கு அடுத்த ஃபிரேம் 00:01:00;02. நொடிக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அரைப்புள்ளி இருந்தால் அது டிராப் ஃபிரேம் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். மலேசியத் தொலைக்காட்சி 25 ஃபிரேம் முறையில் வந்தது, அதற்கு இந்தத் தாண்டல் தேவையே இல்லை.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். கோயில் மண்டப டியூப் லைட்டில் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள், திரையில் பட்டை ஓடாது.

செய்முறைத் தேர்வில் 25, 30, 50 ஃபிரேமில் எடுத்த கிளிப்களைக் கலந்து கொடுத்து, 25-இல் முடிக்கச் சொன்னார்கள். ரிசால்வில் கிளிப்களை வரிசையாக அடுக்கும் இடமான டைம்லைனில் ஒரு கிளிப்பை வைத்த பிறகு, அந்த டைம்லைனின் ஃபிரேம் ரேட்டை மாற்ற விடாது. அதனால் உட்கார்ந்ததும் எதையும் இழுத்துப் போடாமல் அமைப்பைத் திறந்து 25 வைத்தேன். அப்புறம் ஒவ்வொரு கிளிப்பின் விவரத்தையும் தாளில் குறித்தேன். 50-ஐப் பாதி வேகத்தில் ஓட விட்டால் ஒரு படமும் வீணாகாமல் அழகான ஸ்லோ மோஷன் கிடைக்கும். 30-இல் எடுத்ததை 25-இல் வைத்தால் ஆறு படத்துக்கு ஒன்று போய்விடும், கேமராவை ஒரே சீராகத் திருப்பிய காட்சிகளில் அந்த உதறல் கண்ணுக்குத் தெரியும். அப்படிப்பட்ட காட்சிகளைத் தவிர்த்து, கேமரா அசையாத 30 ஃபிரேம் கிளிப்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எடிட் செய்ததை வீடியோ கோப்பாக ஏற்றுமதி செய்து முடித்ததும் அதைத் திறந்து நேராகக் கடைசி நிமிடத்துக்குப் போனேன். பேசுபவரின் உதடும் சொல்லும் ஒன்றாக இருந்தன. அதன் பிறகுதான் கையைத் தூக்கி, முடித்துவிட்டேன் என்று சொன்னேன்.