மூலவர் எங்கேடா?

ஜப்பானில் நாரா நகரத்திலிருந்து இரண்டே பெட்டி உள்ள ரயில். வயல், ஓட்டு வீடு, மறுபடி வயல் என்று அரை மணி நேரம் போனால் மிவா. மலை 467 மீட்டர்தான், ஆனால் கூம்பு மாதிரி, அடியிலிருந்து உச்சி வரை மரம் போர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்ததுமே அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதுதான் சாமி என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.

ஓமிவா கோயிலுக்குள் பெரிய பெரிய தேவதாரு மரங்களுக்கு நடுவே சரளைக்கல் பாதை. கை கழுவி, வாய் கொப்பளித்து, படியேறினால் 1664-ல் அன்றைய ராணுவ ஆட்சியாளர், ஷோகுன் தொகுகவா இயெத்சுனா கட்டிக்கொடுத்த மண்டபம். இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கைதட்டி, மறுபடி ஒரு தடவை குனிய வேண்டும். அம்மாவும் அப்படியே செய்தார், அப்புறம் உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார்.

"மூலவர் எங்கேடா? திரை போட்டிருக்காங்களா?"

"திரை இல்லம்மா. பின்னாடி நிக்குற மலைதான் மூலவர்."

இங்கே கருவறையே கிடையாது. மண்டபத்துக்குப் பின்னால் மூன்று தோரணவாயில்களை ஒன்றாகச் சேர்த்தது போல ஒரு வாசல், அதைத் தாண்டினால் மலை, அவ்வளவுதான். ஓமொனோநுஷி என்ற தெய்வம் அந்த மலையில் குடியிருக்கிறது. 712-ல் எழுதப்பட்ட கொஜிகி என்ற ஜப்பானியப் புராண நூலில் இந்தத் தெய்வத்தைப் பற்றி ஒரு கதை வருகிறது, எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். இக்குதமயோரி என்ற பெண்ணைத் தேடி இரவில் மட்டும் ஓர் அழகன் வருகிறான், யாரென்று தெரியாது. அவள் பெற்றோர் சொன்னபடி ஊசியில் சணல் நூலைக் கோத்து அவன் ஆடை ஓரத்தில் குத்திவைக்கிறாள். விடிந்து பார்த்தால் நூல் கதவுத் துளை வழியாக வெளியே போயிருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டே போனால் இந்தக் கோயிலில் வந்து முடிகிறது. வீட்டில் மிஞ்சியது மூன்றே சுற்று நூல். மி என்றால் மூன்று, வா என்றால் சுற்று.

கதவுத் துளை வழியாகப் போனவர் பாம்பாகத்தானே இருக்க வேண்டும்? மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு முதிய தேவதாரு, அதில் வெள்ளைப் பாம்பு இருப்பதாக நம்பிக்கை. அதன் முன்னால் வரிசையாகக் கோழி முட்டையும் சாக்கே மதுவும் படைத்திருந்தார்கள். அம்மா அசையாமல் நின்றார். "நம்ம புத்துக்கு வைக்கிற மாதிரியே இருக்கேடா" என்றார். சரி, உடனே போய் முட்டை வாங்கி வந்தேன். முந்தானையால் துடைத்து, மற்ற முட்டைகளை இடிக்காமல் மெதுவாக வைத்தார்.

மலையேற, பக்கத்தில் சாய் என்ற துணைச் சன்னதியில் பெயர் எழுதி 300 யென் கட்ட வேண்டும். மணி கோத்த வெள்ளைப் பட்டி ஒன்று தருகிறார்கள், கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். படம் எடுக்கக் கூடாது, தண்ணீர் தவிர எதுவும் வாயில் போடக் கூடாது, மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவர் கீழேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு முன்னால் ஒரு பாட்டி செருப்பில்லாமல், ஈர மண்ணில் வேரைப் பிடித்துப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். அவர் மணியும் என் மணியும் தவிர வேறு சத்தமே இல்லை. மலையில் கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் பழைய வழக்கம். அதனால் உச்சியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

இறங்கி வந்து பட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்த மருந்துத் தீர்த்தத்தை ஒரு குவளையில் பிடித்து வைத்திருந்தார்.

"மேல என்னடா இருந்துச்சு?"

"சொல்லக் கூடாதாம்மா."

"அப்போ சொல்லாத. இந்தா, குடி."