டகோமா பார்க்கில் எங்கள் ஓட்டு

ஊரில் நான் கடைசியாக ஓட்டுப் போட்டது 2006 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில். கும்பகோணத்தில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம், நல்ல வெயில், நீண்ட வரிசை. ஐந்து வயது மகளையும் கூட்டிப் போயிருந்தேன். எனக்கு மை வைத்ததும் அவளும் விரலை நீட்டினாள். மேசையில் இருந்த டீச்சர் சிரித்துக்கொண்டே பேனாவால் அவள் நகத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டார். அடுத்த வருடம் என் கணவரின் எச்-1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்துவிட்டோம்.

அந்த 2006 ஓட்டுக்கப்புறம் பதினோரு வருடம் எனக்கு ஓட்டே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ கொடுத்துப் பட்டியலில் சேரலாம், ஆனால் ஓட்டுப் போட ஊருக்கே நேரில் போகவேண்டும். மூன்று பேருக்கும் விமானச் செலவு, விடுமுறை, திரும்பி வர விசா முத்திரை. நடக்கிற காரியமில்லை. இங்கேயோ 2010-ல் கிரீன் கார்டு வரிசையில் நின்றோம். எங்கள் முறை எப்போது வரும் என்று வக்கீலாலேயே சொல்லமுடியவில்லை. இரண்டு நாட்டிலும் வரி, விலைவாசி, பள்ளிக்கூடம் எல்லாமே நம்மைத் தொடுகிறது, எதிலும் நம் சொல்லுக்கு இடமில்லை. அந்தக் குறை உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

2017 செப்டம்பரில் ஒரு நாள் மகள் நூலகத்திலிருந்து ஒரு தாளோடு வந்தாள். "அம்மா, நாம ரெண்டு பேரும் நவம்பர்ல ஓட்டுப் போடலாம்." விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது, எங்கள் இருவருக்கும் எச்-4 விசா, எச்-1பி-யில் வருபவரின் குடும்பத்துக்குக் கொடுப்பது. "சிட்டிசனா இருக்கணும்னு அவசியமில்லம்மா. இந்த ஊர்ல பதினாறு வயசு ஆனா போதும்" என்றாள்.

நாங்கள் இருப்பது மேரிலாந்து மாநிலத்தின் டகோமா பார்க். வாஷிங்டன் பெருநகரத்துக்குள் இரண்டு சதுர மைல் அளவுக்கு ஒரு சின்ன நகரம், பதினேழாயிரம் பேர் சொச்சம். ஈஸ்டர்ன் அவென்யூவில் நின்றால் ஒரு பக்கம் தலைநகரம், ரோட்டைக் கடந்தால் மேரிலாந்து. வாடகை குறைவு, மெட்ரோ ரயில் பக்கம் என்பதற்காகத்தான் இங்கே வந்தோம். ஊரைப் பற்றி அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு வார்டு எல்லைகளைத் திருத்தி வரைந்திருக்கிறார்கள். வார்டுகளில் ஜனத்தொகை சமமாக வந்தது, ஓட்டுப் போடத் தகுதியுள்ளவர்கள் எண்ணிக்கை மட்டும் சில வார்டுகளில் மிகக் குறைவாக இருந்தது. காரணம் தேடிப் பார்த்தால், அங்கெல்லாம் எங்களைப்போல் வெளிநாட்டிலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருப்பவர்கள் அதிகம். கவுன்சிலர் அவர்களுக்கும் சேர்த்துத்தான் இருக்கிறார், அவரைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவர்களுக்குப் பங்கில்லை. இது சரியில்லை என்று உள்ளூர்க்காரர்களே பிரசாரம் செய்தார்கள். பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினரான ஜேமி ராஸ்கின் அப்போது சட்டப் பேராசிரியர், அந்த முயற்சியில் அவரும் இருந்தார். குடியுரிமை இல்லாதவர்களுக்கும் நகரத் தேர்தலில் ஓட்டுக் கொடுக்கலாமா என்று 1991 நவம்பரில் மக்களிடமே கருத்துக் கேட்டார்கள். ஆதரவு 1,199, எதிர்ப்பு 1,107. தொண்ணூற்றிரண்டு ஓட்டு வித்தியாசம். அடுத்த வருடம் நகரத்தின் அடிப்படைச் சட்டமான நகர சாசனத்தையே அதற்கேற்பத் திருத்திவிட்டார்கள். அந்தத் தொண்ணூற்றிரண்டு என்ற எண்ணை நான் இன்னும் மறக்கவில்லை. முகம் தெரியாத யாரோ, தங்களுக்கு ஒரு லாபமும் இல்லாமல், எனக்காகப் போட்ட ஓட்டு அது. 2013-ல் ஓட்டுரிமை வயதையும் பதினாறாகக் குறைத்தார்கள். அமெரிக்காவில் முதலில் அப்படிச் செய்த நகரம் இதுதான்.

என் கணவர் கேட்டதும் பதறிவிட்டார். "வேணாம்மா, விபரீதமாயிடும்." அவர் பயம் நியாயமானது. குடியுரிமை இல்லாதவர் ஜனாதிபதித் தேர்தலிலோ காங்கிரஸ் தேர்தலிலோ ஓட்டுப் போடுவது 1996 சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து, ஏதாவது ஒரு படிவத்தில் 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் தெரியாமல் டிக் அடித்துவிடுவது. அந்த ஒரு டிக்கில் வாழ்நாள் முழுக்கக் கிரீன் கார்டு கிடைக்காமல் போகலாம். 2017-ல் குடியேறிகள் எல்லோருமே செய்தியைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். "நகரப் பட்டியல்ல பேர் இருந்தாலே சிட்டிசன் இல்லைன்னு காட்டிக்கொடுத்துடுமே" என்றார். மகள் விடவில்லை. "நம்ம விசா அமெரிக்க அரசாங்கம் கொடுத்ததுதானேப்பா? அவங்களுக்குத் தெரியாதது அதுல என்ன இருக்கு?"

வக்கீலைக் கேட்டோம். அவர் சொன்னதை இதே நிலையில் இருப்பவர்களுக்காக அப்படியே எழுதுகிறேன். மாநிலத்தின் வாக்காளர் படிவம் பக்கமே போகக்கூடாது, அது குடிமக்களுக்கு மட்டும். இணையத்தில் 'மேரிலாந்தில் வாக்காளராகப் பதிவு செய்ய' என்று தேடினால் வருவது அந்தப் படிவம்தான், ஏமாந்துவிட வேண்டாம். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போனால் மோட்டார் வாகன அலுவலகத்தில் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லவேண்டும். குடியுரிமை இல்லாதவர்களுக்கு நகரச் செயலர் அலுவலகத்தில் தனிப் படிவம் உண்டு, அது ஒன்றுதான் வழி. நிரப்பிய படிவத்துக்கு ஒரு நகல், நகர சாசனத்தில் அந்தப் பிரிவின் நகல், இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பின்னால் குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், எந்தத் தேர்தலிலாவது பதிவு செய்ததுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா என்று கேள்வி வரும். உண்மையைச் சொல்லி, இந்தத் தாள்களைக் காட்டினால் போதும். அவரவர் விசா நிலைமை வேறு வேறு, அதனால் நீங்களும் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். நாங்கள் கொடுத்த ஆலோசனைக் கட்டணம் வீண் போகவில்லை. அதற்கப்புறம் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கணவர் கடைசிவரை சேரவில்லை. விசா அவர் பெயரில் இருக்கிறது, அவருக்கு ஒன்று என்றால் மூவருக்கும். நான் வற்புறுத்தவில்லை.

நகர அலுவலகம் மேப்பிள் அவென்யூவில் கம்யூனிட்டி சென்டர் கட்டடத்திலேயே இருக்கிறது, எங்கள் அடுக்ககத்திலிருந்து நடை தூரம். ஒரு வியாழக்கிழமை மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரும் போனோம். வாடகை ஒப்பந்தம், என் ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், ஃபோன் பில் என்று ஒரு கோப்பே எடுத்துப் போயிருந்தேன். அங்கிருந்த அம்மையார் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கையால் தள்ளி, "இது வேண்டாம். நீங்கள் யார், இந்த ஊரில் எங்கே குடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியவேண்டும்" என்றார். என்ன விசா, எந்த நாடு என்று படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை. நகர ஊழியர்கள் குடியேற்ற நிலையைக் கேட்கக்கூடாது என்று இந்த ஊர் 1985-லிருந்தே விதி வைத்திருக்கிறது. இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் விசா பற்றிக் கேட்காமல் ஒரு அலுவலகத்தில் என் வேலை முடிந்தது அதுதான் முதல் தடவை.

சிக்கல் பெயரில்தான் வந்தது. நம் ஊர்ப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பலருக்கு இது புரியும். அப்பா பெயரின் முதலெழுத்தோடு ஒற்றைப் பெயர் எனக்கு. விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று அடித்துவிட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே ஏறிவிட்டது. "இதை எப்படி எழுதட்டும்?" என்று கேட்டேன். "உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று அவர் கேட்டார். சொன்னேன். ஒருமுறை சொல்லிப் பார்த்து, சரியா என்று கேட்டு, இன்னொரு முறை சொன்னார். அப்புறம், உரிமத்தில் இருப்பதுபோலவே எழுதுங்கள், வாக்குச்சாவடியில் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் சுலபம் என்றார்.

அதன்பிறகு ஊரை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். போலீஸ், நூலகம், குப்பை, மரம் வெட்ட அனுமதி எல்லாம் நகர மன்றத்தின் கையில். எங்களுக்கு முக்கியமானது வாடகை. வருடத்துக்கு இவ்வளவுக்குமேல் ஏற்றக்கூடாது என்று, விலைவாசிக் குறியீட்டை வைத்து இந்த நகரம் வரம்பு கட்டியிருக்கிறது. நாங்கள் இந்த ஊரிலேயே தங்கமுடிந்ததற்குக் காரணமே அதுதான். பள்ளிக்கூடம் மட்டும் கவுண்ட்டி, அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரி, அதன் நிர்வாகம், அதற்கு எங்களுக்கு ஓட்டுக் கிடையாது. மகளுக்கு அதில் ரொம்ப வருத்தம். ஒரு வேட்பாளர் கதவைத் தட்டியபோது அவள்தான் முன்னால் நின்று பேசினாள். வாடகை வரம்பில் கை வைப்பீர்களா, நூலகத்தைச் சாயங்காலம் எத்தனை மணிவரை திறந்து வைப்பீர்கள் என்று கேட்டாள். அவர் வாசலில் நின்றபடியே கால்மணி நேரம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. வாக்குச்சாவடி அதே கம்யூனிட்டி சென்டரில். குளிர் ஆரம்பித்துவிட்டது. பட்டியலில் என் பெயரைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மேசையிலிருந்த பெரியவர் முதலில் மாநிலம் கொடுத்த பட்டியலைப் பார்த்திருக்கிறார். நகரம் தனியாக வைத்திருக்கும் பட்டியலை எடுத்து விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். அந்தச் சுருட்டை முடி விழுந்த நெற்றியையும் அந்த விரலையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றது. "இதோ இருக்கிறீர்கள்" என்றார். என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.

ஓட்டுச் சீட்டு தாள்தான். மேயருக்கு ஒரு பகுதி, வார்டு கவுன்சிலருக்கு ஒரு பகுதி. இங்கே ஒருவருக்கு மட்டும் குத்திவிட்டு வரும் முறை இல்லை. முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்குமேல் வராவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை இரண்டாவது விருப்பப்படி மற்றவர்களுக்குச் சேர்ப்பார்கள். நம் ஊரில் மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் வரிசை எண் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. வட்டத்தை நிரப்பும்போது கை கொஞ்சம் நடுங்கியது. கோட்டுக்கு வெளியே மை போய்விடக்கூடாது என்று மெதுவாக நிரப்பினேன்.

வெளியே வந்ததும் மகள் தன் இடது ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். நகத்தில் பேனாவால் ஒரு கோடு. அவளே போட்டிருக்கிறாள். கும்பகோணம் ஞாபகம் அவளுக்கு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அடுத்த நகரத் தேர்தல் 2020-ல் ஜனாதிபதித் தேர்தலோடு ஒரே நாளில் வந்தது. கொரோனா காலம் என்பதால் நகரத்து ஓட்டுச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பினார்கள். இரண்டு தேர்தலுக்கும் தனித்தனிச் சீட்டு. அதனால் குடிமக்களாக இருந்து மற்றச் சீட்டையும் தபாலில் கேட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு உறை, எங்களுக்கு ஆளுக்கு ஒன்றுதான். வாங்கியதும் எது நகரத்தினுடையது என்று இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன். நீங்களும் பாருங்கள், அந்த இன்னொரு உறை தப்பித் தவறி உங்கள் பெயருக்கு வந்தால் தொடாமல் உடனே வக்கீலிடம் சொல்லுங்கள்.

தபால்பெட்டியில் எங்கள் வீட்டுக்கு மூன்று உறை இருந்தது. மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவதில் என் கணவர் பெயர். ஆகஸ்டிலேயே ஒரு நாள் போய்ப் பதிவு செய்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் பிரித்தார். "பாப்பா, இதுல ஒண்ணு மட்டும் போட்டா போதுமா, ரெண்டாவதும் போடணுமா?" என்று கேட்டார். மகள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.