சாமியானா கனவு

அவரிடம் உண்மையைச் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கோர்சகாஃப் நோயாளி. வருஷக்கணக்கில் குடித்து, தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போய், புதிதாக எதுவும் மனதில் தங்காது. ஊசி போட்டுவிட்டு வெளியே போய்த் திரும்பினால், "தம்பி யாரு, புதுசா?" என்பார். அப்புறம், "உங்க அண்ணி இன்னும் வரலையே?"

அண்ணி இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வார்டில் எல்லாரும் "சாயங்காலம் வருவாங்க" என்று சமாளிப்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு நாள், "அண்ணி தவறிட்டாங்கண்ணே" என்றேன்.

அழுதார். மதியச் சோறு வருவதற்குள் மறந்துவிட்டார். ஆனால் சாப்பிடவில்லை. கேட்டால், "தெரியல தம்பி, நெஞ்ச அடைக்குது."

மறுநாள் காலை அவராகவே சொன்னார்: "ராத்திரி கனவுல நம்ம வீட்டு வாசல்ல சாமியானா போட்டிருந்துச்சு. என்ன விசேஷம்னுதான் தெரியல."

ஜெனீவாவில் கிளாபரேட் என்ற மருத்துவர் இதே நோயுள்ள ஒரு பெண்ணிடம், விரலிடுக்கில் ஊசியை மறைத்துக்கொண்டு கை குலுக்கினார். குத்தியது அவளுக்கு நினைவில்லை. ஆனாலும் அடுத்த முறை கை கொடுக்க மறுத்தாள். 1911-ல் இதை எழுதினார். 2000-ல் ஸ்டிக்கோல்டு என்ற அமெரிக்கத் தூக்க ஆய்வாளரின் குழுவினர் மறதி நோயாளிகளை டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள்; மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் வீடியோ விளையாட்டு அது. விளையாடியதே ஞாபகமில்லாத சிலருக்கும் கண் அசரும்போது கட்டைகள் விழுவது தெரிந்தது. 2010-ல் அமெரிக்காவின் அயோவாவில் நடந்த ஆய்வு இன்னும் சங்கடமானது: மறதி நோயாளிகளுக்குச் சோகப் படக்காட்சி மறந்துபோன பிறகும் சோகம் போகவில்லை.

அப்படியானால் நான் சொன்னது உள்ளே எங்கோ இறங்கி, காரணம் தெரியாத துக்கமாகக் கிடந்ததா? காரணம் தெரிந்தால் அழுது தீர்க்கலாம். அவருக்கு அந்த வழியும் இல்லை.

ஆனால் இந்த நோயில் இல்லாததை இருந்ததாகச் சொல்வதும் சகஜம். நேற்று கிரிவலம் போய்வந்தேன் என்று கட்டிலில் படுத்தபடியே விவரமாகச் சொல்பவர் அவர். கனவும் அந்த ரகமாக இருக்கலாம். இல்லை, சாவு வீட்டில் அவரும் இருந்தாரே, அன்றைக்குப் பதிந்த ஏதாவது இப்போது மேலே வந்திருக்கலாம். நான் சொல்லாவிட்டாலும் வந்திருக்கும். இப்படி நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது என்பதால் இதை முழுதாக நம்பவும் முடியவில்லை.

இப்போதெல்லாம் அவர் கேட்டால், "அண்ணி மீன் குழம்பு எப்படி வைப்பாங்கண்ணே?" என்று பேச்சைத் திருப்பிவிடுகிறேன். பொய் சொல்லவில்லை என்பது என் கட்சி. கூட வேலை பார்க்கும் சிஸ்டர் ஒத்துக்கொள்வதில்லை. "நாங்க சாயங்காலம்னு சொன்னோம், நீங்க குழம்புன்னு சொல்றீங்க, அவ்வளவுதானே சார்?"